கல்லீரலில் சர்க்கரை



சில ஆண்டுகளுக்கு முன், நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் மாணவி ஒருத்தி என் வகுப்பில் பயின்றாள். ஒருநாள் ஓட்டப் பயிற்சியின்போது வியர்த்து நடுங்கித் திடலிலேயே அமர்ந்துவிட்டாள். களைப்பு என்றெண்ணி நான் வெறும் தண்ணீரைக் கொடுத்தேன். விவரம் அறிந்த அவளுடைய தோழிதான் இனிப்பு நீரைப் பருகச் செய்து தேற்றினாள். “மற்றவர்களும்தானே ஓடினார்கள், எனக்கு மட்டும் ஏன் ஐயா?” என்று மறுநாள் கேட்டாள். விடை கூற எனக்குத் தெரியவில்லை. பின்னர் தேடிப் படித்தேன்.

பிரெஞ்சு உடலியல் அறிஞர் கிளோட் பெர்னார்ட், இறைச்சியை மட்டுமே உண்ட நாயின் இரத்தத்திலும் சர்க்கரை இருப்பதை 1848இல் கண்டார். சர்க்கரையைத் தாவரங்களே ஆக்கும், விலங்குகள் ஆக்கமாட்டா என்பது அக்கால நம்பிக்கை. பெர்னார்ட் விடவில்லை. 1855இல் ஒரு நாயின் கல்லீரலுக்குள் நீரைப் பாய்ச்சி, சர்க்கரை சிறிதும் எஞ்சாதவாறு கழுவி வைத்தார். மறுநாள் அதில் மீண்டும் சர்க்கரை! அதன் மூலப்பொருளான கிளைகோஜனை 1857இல் பிரித்தெடுத்தார். (நாய்களை எண்ணினால் மனம் வருந்தத்தான் செய்கிறது.)

1889இல் மெரிங்கும் மின்கௌஸ்கியும் கணையத்தை அகற்றிய நாய்க்கு நீரிழிவு கண்டது. 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் முதன்முதலாக இன்சுலின் பெற்றான்.

சர்க்கரை ஏறினால் கணையம் இன்சுலினை மிகுதியாகச் சுரக்கும். இறங்கினால் அச்சுரப்பு தணிந்து, குளுக்ககான் என்னும் மற்றொரு சுரப்பு கல்லீரலைத் தூண்டிச் சேமிப்பை வெளிவிடச் செய்யும். விளைவே திரும்பி வந்து காரணத்தை அடக்குகிறது. இதையே பின்னூட்டம் என்கிறோம். இவ்வாறு உடல் தன் சமநிலையைக் காப்பதற்கு அமெரிக்கரான வால்டர் கேனன் 1926இல் ‘ஹோமியோஸ்டாசிஸ்’ எனப் பெயரிட்டார்.

அம்மாணவியின் கேள்விக்கு விடையும் இங்கேதான் கிடைத்தது. ஓடும்போது தசைகள் சர்க்கரையை உறிஞ்சுகின்றன. மற்ற பிள்ளைகளின் கணையம் அதை உணர்ந்து இன்சுலினைக் குறைத்துவிடும். ஊசிவழிச் சென்ற இன்சுலினோ சர்க்கரை இறங்கியதை அறியாது. தன் நேரம் முடியும்வரை வேலை செய்துகொண்டே இருக்கும்.

இதை அவளிடம் கரும்பலகையில் வரைந்து விளக்கினேன். “அப்படியென்றால், ஓடுவதற்கு முன்பே நான் சாப்பிட வேண்டுமா ஐயா?” என்றாள். அவளுடைய தாயாரை அழைத்து, மருத்துவரிடம் கேட்டுவரச் சொன்னேன். அன்றுமுதல் என் மேசை இழுப்பறையில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று இருக்கிறது.