நத்தமும் சேரியும்: இளங்கலை வரலாற்றுப் பாடத்தில் விடுபட்டவை

நத்தம் என்ற சொல்லுக்கு ஊர்க் குடியிருப்பு நிலம் என்று பொருள். திண்டுக்கல் மாவட்டத்து நத்தம் நகரம் அச்சொல்லையே பெயராகக் கொண்டது. முதலாம் இராசராசன் (985–1014) தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்த ஊர்களைப் பற்றிய கல்வெட்டுகள், வரி நீக்கப்பட்ட நிலங்களைப் பட்டியலிடும்போது ஊர்நத்தத்தைத் தனியாகவும் பறைச்சேரியைத் தனியாகவும் குறிக்கின்றன. தீண்டாச்சேரி என்ற சொல்லும் அவற்றில் வருகிறது. சுடுகாடும் பறைச்சுடுகாடும் வெவ்வேறாகப் பிரித்துக் காட்டப்படுகின்றன. ஊரும் சேரியும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்து கிடந்தமைக்குக் கல்லிலேயே பதிந்த சான்று இது.

இளங்கலை வரலாறு பயிலும் மாணவர் இராசராசனின் போர்களையும் பெரிய கோயில் விமானத்தின் உயரத்தையும் தேர்வுக்காக மனனம் செய்கிறார். அதே கோயிலில் பொறிக்கப்பட்டுள்ள இந்தப் பட்டியல் அவர் முன் வைக்கப்படுவது அரிது. இளங்கலை வரலாற்றுப் படிப்பு எவ்வாறு அமைந்துள்ளது, எவற்றை விட்டுவிடுகிறது, விடுபட்டவற்றுக்குச் சான்றுகள் எங்குள்ளன, பாடத்திட்டத்தை மாற்றும் வழி யாது என்பவற்றை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

படிப்பின் அமைப்பு

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பி.ஏ. வரலாறு மூன்றாண்டு, ஆறு பருவப் படிப்பு. முதற்பகுதி தமிழ், இரண்டாம் பகுதி ஆங்கிலம், மூன்றாம் பகுதி முதன்மைப் பாடங்களும் சார்புப் பாடங்களும் விருப்பப் பாடங்களும், நான்காம் பகுதி திறன் மற்றும் விழுமியக் கல்வி, ஐந்தாம் பகுதி விரிவாக்கப் பணி என ஐந்து பகுதிகளாக அது அமைந்துள்ளது. ஒவ்வொரு தாளும் வழக்கமாக ஐந்து அலகுகள் கொண்டது. இந்திய வரலாறு, தமிழக வரலாறு, உலக வரலாறு, விடுதலை இயக்கம், அரசமைப்பு, வரலாற்றியல் ஆகியவை முதன்மைத் தாள்கள்.

அரசு கலைக் கல்லூரிகளில் இப்படிப்பில் சேர்வோரில் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள் ஏராளம். கட்டணம் குறைவு, தமிழ்வழியில் படிக்கலாம், அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வுக்கும் பயன்படும். ஆகவே சேரியிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர் பலருக்கு உயர்கல்வியின் முதல் வாசல் வரலாற்றுத் துறையே. அந்த வாசலில் நுழைபவர் தம் முன்னோரைப் பாடத்தில் எங்கே, எந்த உருவில் சந்திக்கிறார் என்பது வெறும் கல்வித்துறைக் கேள்வியன்று. தன்மானம் பற்றிய கேள்வி.

அரசமரபு என்னும் சட்டகம்

கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி 1955இல் வெளியிட்ட தென்னிந்திய வரலாற்று நூல், அரசமரபுகளை வரிசையாகச் சொல்லிவிட்டுச் சமூக, பொருளாதார நிலைகளையும் இலக்கியத்தையும் சமயத்தையும் கலையையும் பின்னர்த் தனி இயல்களில் பேசுகிறது. கல்லூரித் தாள்களின் அலகுப் பிரிப்பும் பெரும்பாலும் இதே வரிசையைப் பின்பற்றுகிறது. இதில் சமூகம் ஆட்சியின் பின்னிணைப்பாகிறது. நிலம் யாரிடம் இருந்தது, அதில் உழைத்தவர் யார், அடிமைகளாக விற்கப்பட்டவர் யார் என்ற கேள்விகள் “சமூக நிலை” என்ற ஒரு பத்தியில் அடங்கிவிடுகின்றன. ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா போன்றோர் சோழர் கல்வெட்டுகளைக் கொண்டு நிலவுடைமையையும் தீண்டாமையையும் ஆராய்ந்து பல பத்தாண்டுகள் கடந்துவிட்டன. அந்த ஆய்வுகள் முனைவர் பட்ட மாணவரோடு நின்றுவிடாமல் இளங்கலை வகுப்புக்கும் வந்துசேர வேண்டும்.

ஒற்றை வரியில் அடங்கிய ஆளுமைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டைப் பேசும் அலகுகளில் “சமூக சீர்திருத்த இயக்கங்கள்” என்ற தலைப்பு தவறாது வரும். அயோத்திதாசப் பண்டிதரும் இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் அங்கே பெரும்பாலும் பெயர்ப் பட்டியலாகக் கடந்து போகின்றனர். அயோத்திதாசர் 1891இல் திராவிட மகாஜன சபையைத் தொடங்கினார். 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 முதல் 1914இல் மறையும்வரை ‘தமிழன்’ இதழை நடத்தினார். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். பின்னர் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதியாகப் பங்கேற்றார். இவர்கள் பிறரால் சீர்திருத்தப்பட்டவர்கள் அல்லர். தமக்கென இதழும் அமைப்பும் அரசியலும் வரலாற்றுப் பார்வையும் கண்டவர்கள். அயோத்திதாசரை ஒரு வரலாற்றாசிரியராகவே படிக்க இயலும். வரலாற்றியல் தாளில் அவருக்கு இடமில்லாதது பெருங்குறை.

அதுபோன்றதே 1939 ஜூலை 8 அன்று நிகழ்ந்த மதுரை மீனாட்சியம்மன் கோயில் நுழைவு. முன்னின்று நடத்திய வைத்தியநாத ஐயரின் பெயர் மாணவர் அனைவருக்கும் தெரியும். உள்ளே நடந்து சென்ற தாழ்த்தப்பட்டோரின் பெயர்களைக் கேட்டால், பின்னாளில் அமைச்சரான கக்கனைத் தவிர வேறு பெயர் சொல்ல இயலாது. அந்தக் கக்கனின் ஊரான தும்பைப்பட்டி நத்தத்தின் அண்டை வட்டமான மேலூரில்தான் உள்ளது.

கேள்வித்தாளில் தெரிந்த பார்வை

2022 ஜூலையில் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் முதுகலை வரலாற்றுத் தேர்வில், தமிழ்நாட்டைச் சேர்ந்த தாழ்ந்த சாதி எது என்று கேட்டு, நான்கு சாதிப் பெயர்களை விடைகளாகக் கொடுத்திருந்தனர். கடும் கண்டனம் எழுந்தது. அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. தாளின் தலைப்போ தமிழ்நாட்டு விடுதலை இயக்கம். தனியொருவரின் கவனக்குறைவு என்று இதனை ஒதுக்கிவிட முடியாது. சாதியை ஓர் அதிகார அமைப்பாக ஆராயக் கற்பிக்காத பாடத்திட்டத்தில், சாதி ஒரு மதிப்பெண்ணுக்குரிய தகவலாகச் சுருங்குவது இயல்பே.

சான்றுகள் இல்லையா?

“தலித் வரலாற்றுக்கு எழுத்துச் சான்று குறைவு” என்பது துறைகளில் அடிக்கடி கேட்கும் விடை. அது சரியன்று. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கை, சேரிமக்கள் குடியிருந்த மனைகூட மிராசுதாரர் பிடியில் இருந்ததையும், எதிர்த்தால் குடிசையை இழக்க நேர்ந்ததையும் பதிவு செய்தது. அதன் தொடர்ச்சியாக 1892இல் பிறந்த அரசாணையே பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், வட்டாட்சியர் அலுவலக நிலப் பதிவேடுகள், காலனிய மாவட்டக் கையேடுகள், தலித் இதழ்கள், நீதிமன்றத் தீர்ப்புகள் ஆகிய அனைத்தும் எழுத்துச் சான்றுகளே.

வாய்மொழி மரபுகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆய்வு முறையோடு சேர்க்க வேண்டும். வேலுநாச்சியார் அடைக்கலம் புகுந்த விருப்பாச்சி திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ளது. அவருடைய படையில் போரிட்டதாகச் சொல்லப்படும் குயிலி மக்கள் நினைவில் வலுவாக வாழ்கிறார். அந்த நினைவை ஆவணத்தோடு ஒப்பிடுவது எப்படி, ஆவணம் எழுதியவர் யாரை எழுதாமல் விட்டார் என்று கேட்பது எப்படி என்பதே நல்ல வரலாற்று வகுப்பு கற்பிக்க வேண்டியது. நம்பிக்கைக்கும் மறுப்புக்கும் நடுவே ஆய்வுக்கு இடமுண்டு.

ஐந்து அலகுகளில் ஒரு தாள்

தலித் வரலாற்றுக்கு ஒரு முதன்மைத் தாள் வகுக்கப் போதுமான பொருள் உள்ளது. முதல் அலகு: கல்வெட்டுகளில் ஊரும் சேரியும், நிலமும் அடிமைமுறையும். இரண்டாம் அலகு: காலனிய ஆட்சி, மிராசு உரிமை, பஞ்சமி நிலம், தோட்டங்களுக்குப் புலம்பெயர்வு. மூன்றாம் அலகு: அயோத்திதாசர் முதல் எம்.சி. ராஜா வரையிலான இதழ்களும் அமைப்புகளும். நான்காம் அலகு: அம்பேத்கரின் வரலாற்று எழுத்து. அவர் 1948இல் வெளியிட்ட ‘தீண்டப்படாதார்’ குறித்த நூலை நந்தனார், ரவிதாஸ், சோகாமேளர் ஆகிய மூவருக்கும் காணிக்கையாக்கினார் என்பது தமிழ் மாணவர் அறிய வேண்டிய செய்தி. ஐந்தாம் அலகு: விடுதலைக்குப் பிந்தைய காலம். 1957இல் இம்மானுவேல் சேகரன் கொலை, 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரிக்கப்பட்ட கீழ்வெண்மணி, 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் வந்தோரும் வெட்டிக் கொல்லப்பட்ட மேலவளவு ஆகியவை இதில் அடங்கும்.

மேலவளவும் மேலூர் வட்டத்து ஊர்தான். அரசமைப்புத் தாளில் 73ஆவது திருத்தத்தை இரு மதிப்பெண் விடையாக எழுதும் நத்தத்து மாணவர், அத்திருத்தம் தந்த தனித்தொகுதி உரிமைக்கு அண்டை ஊரில் கொடுக்கப்பட்ட விலையை அறியாமல் பட்டம் பெறக் கூடாது.

மாற்றும் வழி

பாடத்திட்டம் வானத்திலிருந்து இறங்குவதன்று. தன்னாட்சிக் கல்லூரியில் துறையின் பாடத்திட்டக் குழு அதனை வகுக்கிறது. துறை ஆசிரியர்களோடு வெளி வல்லுநர்களும் பல்கலைக்கழகப் பிரதிநிதியும் முன்னாள் மாணவர் ஒருவரும் அதில் இடம்பெற வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. ஏனைய கல்லூரிகள் பல்கலைக்கழகக் குழு வகுத்ததைப் பின்பற்றுகின்றன. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் 2023இல் மாதிரிப் பாடத்திட்டங்களை வெளியிட்டது. பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் வெளியிட்ட வரலாற்றுப் பாடத்திட்ட வரைவு, வேத மரபை முன்னிறுத்துகிறது என்ற விமர்சனத்துக்கு உள்ளானது. மேலிருந்து வரும் திட்டங்கள் மாறிக்கொண்டே இருக்கும். கீழிருந்து கோரிக்கை எழாவிடில் தலித் வரலாறு அவற்றில் தானாக நுழையாது.

அமைப்புகளும் மாணவரும் செய்யக்கூடியவை சில உண்டு. பாடத்திட்டக் குழுக் கூட்டத்துக்கு முன்பே அலகு வாரியாக, நூற்பட்டியலோடு எழுத்து மூலம் முன்மொழியலாம். முன்னாள் மாணவர் பிரதிநிதியாகத் தலித் பட்டதாரிகளை நியமிக்கக் கோரலாம். அரசுப் பல்கலைக்கழகக் குழுக்களின் நடவடிக்கைக் குறிப்புகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம்.

அனுமதிக்குக் காத்திராமல் இன்றே தொடங்கக்கூடியது இறுதியாண்டுத் திட்டக்கட்டுரை. 1755இல் கர்னல் ஹெரானின் படை நத்தம் கணவாயில் தாக்கப்பட்டதை நூல்கள் சொல்கின்றன. அக்காலத்தில் இவ்வூரைச் சுற்றிய வயல்களில் உழைத்தவர் யார், சேரிகள் எங்கே இருந்தன, குடிமனைக்குப் பட்டா எப்போது கிடைத்தது, கிடைத்த நிலம் இன்று யாரிடம் உள்ளது என்பவற்றை நூல்கள் சொல்லவில்லை. பாட்டியின் நினைவையும் வட்டாட்சியர் அலுவலகப் பதிவேட்டையும் அருகருகே வைத்து ஒரு மாணவர் அறுபது பக்கம் எழுதினால், அந்தச் சேரிக்கு அதுவே முதல் வரலாற்று நூலாகும்.