இராசரட்டையின் அழிவும் மலேரியாக் காய்ச்சலும்

சமுதாயத்தைப் பீடிக்கும் இன்னல்கள் அறிவுத்துறைகளின் எல்லைகளை அறியமாட்டா. வரலாறு, புவியியல், மருத்துவம், பொருளியல் எனக் கல்வியைப் பகுத்துக்கொண்டவர் மாந்தரே. கற்பித்தலின் வசதிகருதி இட்ட வேலி ஆராய்ச்சிக்கும் வேலியாகிவிடின், உண்மையின் ஒரு கூறே புலனாகும், எஞ்சியவை மறைந்தொழியும். இதனை விளக்குதற்கு ஈழநாட்டு வரலாற்றிலேயே தக்கதோர் எடுத்துக்காட்டு உளது. அதுவே மலேரியாக் காய்ச்சலின் வரலாறாகும்.

அனுராதபுரத்தையும் பொலனறுவையையும் தலைநகர்களாகக் கொண்டு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் விளங்கிய இராசரட்டை, குளங்களாலும் கால்வாய்களாலும் வளம்பெற்ற நாடு. முதலாம் பராக்கிரமபாகுவின் ஆட்சியில் (1153–1186) அது உன்னத நிலையை எய்தியது. 1215ஆம் ஆண்டிலே கலிங்க மாகன் படையெடுத்தான். அதன்பின் அரசிருக்கை தம்பதெனியா, யாப்பகூவா, குருணாகல் எனத் தென்மேற்கு நோக்கிப் பெயர்ந்தது. வடக்கே யாழ்ப்பாண அரசு எழுந்தது. இடைப்பட்ட நிலம் பெரும்பாலும் காடாயிற்று. இதற்குக் காரணம் யாது? பிக்குகள் இயற்றிய பாளி வரலாற்று நூல்கள் படையெடுப்பின் கொடுமையையே காரணமாகக் கூறின. பிற்காலத்தார் பலர் அவ்விடையை ஆராயாது ஏற்றனர். அதன் விளைவு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. ஓரினம் மற்றோரினத்தைப் பழிப்பதற்கு அவ்விடை கருவியாயிற்று. எனவே இவ்வினாவை நடுநிலையில் ஆராய்தல் வரலாற்று மாணவரின் பொழுதுபோக்கன்று, கடமையாகும்.

புதியதொரு விடை மருத்துவரிடமிருந்து வந்தது. 1897ஆம் ஆண்டிலே செக்கந்தராபாத்தில் றொனால்ட் றொஸ் என்பார் மலேரியாக் கிருமி நுளம்பின் உடலில் வளர்வதைக் கண்டறிந்தார். பத்தாண்டு கழித்து, 1907இல், டபிள்யூ. எச். எஸ். ஜோன்ஸ் என்னும் அறிஞர் கிரேக்க, உரோம வரலாறுகளில் மலேரியா புறக்கணிக்கப்பட்ட ஒரு காரணி என எழுதினார். 1921இல் கொழும்பிலே பணியாற்றிய மருத்துவர் லூசியஸ் நிக்கொல்ஸ், ஈழத்தின் பாழடைந்த நகரங்களுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அரசரையும் போரையுமே கண்ட வரலாற்றுக்குள் நுளம்பும் இடம்பெற்றது.

ஆயின் இவ்விடையும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. குளங்கள் நிறைந்த நாடு நூற்றாண்டுகள் பலவாகச் செழித்திருக்க, காய்ச்சல் பிற்காலத்தில் மட்டும் நாட்டை அழித்தது எவ்வாறு? மலேரியா அழிவின் காரணமா, அன்றி அழிவின் விளைவா? ஈண்டுப் பூச்சியியல் துணைபுரிகின்றது. இந்நாட்டில் மலேரியாவைப் பெரிதும் பரப்பிய அனோபிலிசு கூலிசிபேசிசு என்னும் நுளம்பு, வெயில் படும் தெளிந்த தேங்குநீரிலே முட்டையிடுவது. கரை உடைந்த குளத்தின் எச்சநீர், கைவிடப்பட்ட வாய்க்கால், வற்றும் ஆற்றுப்படுகை ஆகியன அதற்கு ஏற்ற இடங்கள். பராமரிப்புக் குன்றியபோது நுளம்பு பெருகியிருக்கலாம். நோய் மிகுந்தபோது பராமரிக்கும் கைகள் மேலும் குறைந்திருக்கலாம். காரணமும் விளைவும் இவ்வாறு ஒன்றையொன்று வளர்த்தல் கூடும். இது நேர்ச்சான்றால் நிறுவப்பட்டதன்று, அனுமானமே. எனினும் படையெடுப்பு ஓய்ந்த பின்னரும் மக்கள் அந்நிலத்துக்கு மீளாமைக்கு, வாள் தராத விளக்கத்தை இது தருகின்றது.

மானிடவியலாரும் இவ்விவாதத்தில் இணைந்தனர். பெரும் நீர்ப்பாசனம் வல்லாட்சியையும் அதிகாரிகளையும் வேண்டும் என 1957இல் விற்போகல் என்பார் பொதுவிதி வகுத்தார். அனுராதபுர மாவட்டத்துப் புல்எலிய என்னும் கிராமத்தில் தங்கி ஆராய்ந்த எட்மண்ட் லீச், கிராமத்துச் சிறு குளங்களைக் கிராமத்தாரே பேணவல்லர் என 1959இல் எடுத்துக்காட்டினார். அங்ஙனமாயின், அரசு வீழ்ந்தவுடன் அனைத்தும் வீழ்ந்தன எனல் பொருந்தாது. பெருங்கால்வாய்கள் சிதைந்த பின்னும் சிறு குளங்கள் நிலைத்திருத்தல் கூடும். இவ்வேறுபட்ட ஆய்வுகளைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1971இல் ஒரு தொகுப்பாகப் பதிப்பித்தமை பாராட்டற்குரியது.

பண்டைக்காலத்தை விடுத்து அண்மைக் காலத்தை நோக்கின், பலதுறை அறிவின் இன்றியமையாமை இன்னும் தெளிவாகும். 1934ஆம் ஆண்டின் பிற்பகுதியில் எழுந்த மலேரியாக் கொள்ளைநோய் 1935இலும் நீடித்து, சுமார் 80,000 உயிர்களைக் கொண்டது. வியப்பு யாதெனில், அது மிகக் கடுமையாகத் தாக்கியது மலேரியாவின் உறைவிடமென எண்ணப்பட்ட உலர்வலயத்தையன்று; கேகாலை, குருணாகல் முதலிய செழிப்பான பகுதிகளையே. வழக்கமாக மழை மிகும்போது களனி கங்கை, மகா ஓயா முதலியவற்றின் விரைந்த நீரோட்டம் நுளம்பின் குடம்பிகளை அடித்துச் செல்லும். 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஆறுகள் ஓட்டமிழந்து, மணற்படுகையில் எண்ணிறந்த குட்டைகளாயின. இவ்வாறு மழைக்குறைவே நுளம்புப் பெருக்கத்துக்கு வித்தாயிற்று.

இத்துணைப் பேர் இறந்தமைக்கு நுளம்பு மட்டும் காரணமன்று. உலர்வலயத்து மக்கள் இளமை தொட்டே நோய்வாய்ப்பட்டு ஓரளவு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்தனர். ஈரவலயத்தார்க்கு அது இல்லை. வறட்சியால் வயல் விளையவில்லை. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தால் இறப்பர், தெங்குத் தொழில்கள் நலிந்து, கூலியும் குறைந்திருந்தது. பசித்த உடலிலே காய்ச்சல் புகுந்தது. குழந்தைகள் பெருந்தொகையாக மாண்டனர். வானிலை, பூச்சியியல், உடலியல், பொருளியல் ஆகிய நான்கினுள் ஒன்றை நீக்கினும் இத்துயரின் விளக்கம் குறையுடையதாகும். அரசியல் வரலாறும் இதனோடு பிணைந்துளது. நிவாரணப் பணியில் ஈடுபட்ட இளைஞர் சிலர் 1935 டிசம்பரில் லங்கா சமசமாசக் கட்சியை நிறுவினர். அவருள் என். எம். பெரேரா, நோயால் நலிந்த பகுதியைச் சேர்ந்த றுவான்வெலத் தொகுதியிலிருந்து 1936இல் அரசாங்க சபைக்குத் தெரிவானார். மழைக்கணக்கைப் பாராத அரசியல் வரலாற்றாசிரியர் இவ்வெற்றியின் வேர்களுள் ஒன்றைத் தவறவிடுவர்.

இரண்டாம் உலகப் போரின் பின் வீடுகளுக்குள் டி. டி. ரி. தெளிக்கப்பட்டது. 1946இல் ஆயிரத்துக்கு 20 அளவில் இருந்த இறப்பு வீதம் 1947இல் 14 அளவுக்கு வீழ்ந்தது. பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஓராண்டு நிறையுமுன் இறந்தோர் தொகை 141இலிருந்து 101 ஆயிற்று. 66 இலட்சமாயிருந்த குடித்தொகை 1963இல் 105 இலட்சத்தைக் கடந்தது. இப்பெருமை முழுவதும் மருந்துக்கே உரியதென உலகெங்கும் பேசப்பட்டது. ஆயின் மலேரியா அருகிய மாவட்டங்களிலும் இறப்புக் குறைந்தமையைக் குடித்தொகையியலார் சிலர் சுட்டினர். பீற்றர் நியூமன் என்னும் பொருளியலார் மலேரியா ஒழிப்புக்குப் பெரும் பங்கு அளித்தார். 1974இல் ஆராய்ந்த ஆர். எச். கிறே, போருக்குப் பிந்திய இறப்பு வீழ்ச்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே அதற்குரியது எனக் கணித்தார். எஞ்சியவற்றுக்கு உணவு வழங்கல், வைத்தியசாலைகள், 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பகுதி அமைப்பு, மருத்துவ மாதர் சேவை என்பன நோக்கத்தக்கன. இது வெறும் கணக்குப் பிணக்கன்று. மருந்து ஒன்றே போதுமெனக் கொள்ளும் நாடு மருத்துவ மாதின் சம்பளத்தைக் குறைக்கத் துணியும்.

ஒற்றைக் காரணத்தை நம்பியிருத்தலின் தீமையைப் பின்னைய நிகழ்ச்சி புலப்படுத்திற்று. 1963இல் நாடு முழுவதிலும் 17 பேரே மலேரியா நோயாளராகக் காணப்பட்டனர். வெற்றி கிட்டியதெனத் தெளித்தல் நிறுத்தப்பட்டது, கண்காணிப்புத் தளர்ந்தது. வறட்சியும், மாணிக்கம் தேடித் தோண்டிய குழிகளும், தொழில் நாடி மக்கள் இடம்பெயர்தலும் ஒருங்கு கூடின. 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. அதன்பின் பல்லாண்டு முயன்றே நோய் அடக்கப்பட்டது. 2012 அக்டோபருக்குப் பின் உள்நாட்டிலே தொற்றிய நோயாளர் இலராக, 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது.

துறைகள் கூடி ஆராய்தல் என்பது அவற்றை வரம்பின்றிக் கலத்தலன்று. மருத்துவர் கல்வெட்டை வாசிக்கப் புகவேண்டியதில்லை. வரலாற்றாசிரியர் நுளம்பைப் பகுத்தறியவும் வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் தத்தம் துறையின் அளவைகளைக் கைவிடாது, தம் முடிபைப் பிறர்துறைச் சான்றின் முன் நிறுத்திச் சோதித்தலே வேண்டுவது. நிக்கொல்ஸின் விடையை வரலாற்றாசிரியர் சோதித்தனர். விற்போகலின் விதியைக் கிராமத்துக் குளம் சோதித்தது. மருந்தின் புகழைக் குடித்தொகைக் கணக்குச் சோதித்தது. ஒவ்வொரு சோதனையிலும் முந்திய விடை முற்றாய் அழியவில்லை. தன் அளவிலே நின்றது.

கல்லூரிகளில் கலைப்பிரிவினர் விஞ்ஞானத்தை அயலதாகவும், விஞ்ஞானப் பிரிவினர் வரலாற்றைப் பயனற்றதாகவும் கருதும் வழக்கம் உண்டு. 1934இல் ஆற்றுமணலில் தேங்கிய நீர் அப்பிரிவினையை அறியவில்லை. நாளைய இன்னல்களும் அறியா. ஒரு துறையை ஆழக் கற்று, அயல்துறைக்குச் செவிசாய்க்கும் மாணவரே அவற்றை எதிர்கொள்ள வல்லர்.