நிலக்கரிப் பள்ளத்தாக்கில் பிறந்த மெட்டு

கார்டிஃப் மைதானத்தில் வேல்ஸ் அணி ரக்பி ஆடும் நாளில், பல்லாயிரம் பேர் எழுந்து நின்று தொண்டை கிழியப் பாடும் ஞானப்பாட்டு ஒன்று உண்டு. 1997-இல் இளவரசி டயானாவின் இறுதி ஆராதனையிலும், 2011-இல் அவர் மகன் வில்லியமின் திருமணத்திலும் பாடியது அதே மெட்டுதான். துக்கத்துக்கும் கல்யாணத்துக்கும் ஆட்டக்களத்துக்கும் ஒருசேரப் பொருந்தும் அந்த மெட்டின் பெயர் ‘கும் ரோண்டா’. ரோண்டா பள்ளத்தாக்கு என்று பொருள். அதைப் போட்டவர் ஜான் ஹியூஸ் என்ற ரயில்வே குமாஸ்தா.

மேற்கத்திய ஞானப்பாட்டில் சொல் ஒருவருடையது, மெட்டு இன்னொருவருடையது. மெட்டுக்கென்று தனிப் பெயரும் இருக்கும். பெரும்பாலும் ஏதாவது ஓர் ஊர்ப்பெயர். அசையின் கணக்கு ஒத்துவந்தால் எந்தச் சொல்லையும் எந்த மெட்டிலும் ஏற்றலாம். பாமாலை பாடிப் பழகியவர்களுக்கு இது தெரிந்ததே. இந்தப் பாட்டின் சொற்களை எழுதிய வில்லியம் வில்லியம்ஸ், பன்டிகெலின் என்ற பண்ணை வீட்டுக்காரர். அவர் 1791-இல் காலமானார். மெட்டு பிறந்ததோ 1907-இல். நடுவே நூறாண்டுக்கு மேல் அந்தச் சொற்கள் வேறு வேறு மெட்டுகளில் பாடப்பட்டுக்கொண்டிருந்தன.

ஹியூஸ் 1873-இல் வேல்ஸின் டவுலைஸில் பிறந்தார். இரும்பு உருக்கும் ஊர் அது. மறு ஆண்டே குடும்பம் பான்டிப்ரித் பக்கத்திலுள்ள லான்ட்விட் ஃபார்டருக்குக் குடிபெயர்ந்தது. பன்னிரண்டு வயதில் பையனைச் சுரங்க வேலைக்கு அனுப்பினார்கள். அந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சுரங்கத்தில் வழக்கமாகக் கிடைத்தது கதவுக்காரன் வேலை. காற்று சரியான வழியில் ஓடுவதற்காகப் பூமிக்கடியில் மரக்கதவுகள் போட்டிருப்பார்கள். நிலக்கரி வண்டி வரும் சத்தம் கேட்டதும் கதவைத் திறக்க வேண்டும். வண்டி கடந்ததும் மூட வேண்டும். மற்ற நேரமெல்லாம் இருட்டில் தனியே உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு கதவு திறந்தே கிடந்தால் உள்ளே இருப்பவர்களின் மூச்சுக்கு ஆபத்து. பிறகு ஹியூஸ் கிரேட் வெஸ்டர்ன் நிலக்கரிச் சுரங்கத்தில் குமாஸ்தா ஆனார். அதன் பின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் போக்குவரத்துப் பிரிவுக்குப் போனவர், கடைசிவரை அங்கேயே இருந்தார்.

இசையைத் தொழிலாகக் கொள்ளாத ஒருவருக்கு நான்கு குரலுக்கு மெட்டமைக்க எப்படிக் கைவந்தது? இதற்கு விடை அவரிடம் மட்டும் இல்லை, அந்த மண்ணிலும் இருக்கிறது. 1859-இல் யேயன் குவில்ட் என்ற போதகர் சபையாருக்கான மெட்டுப் புத்தகம் ஒன்றை வெளியிட்டார். அதைத் தொட்டு ‘கமான்வ கானி’ என்ற பாட்டுக் கூட்டங்கள் பரவின. பல சபைகள் ஒரே கூரையின்கீழ் கூடி, நாள் முழுக்க நான்கு குரலில் ஞானப்பாட்டு பாடுவார்கள். கேட்க மட்டும் வந்தவர் என்று யாரும் கிடையாது. ஜான் கர்வென் பரப்பிய டானிக் சோல்ஃபா முறை இதற்குக் கைகொடுத்தது. ஐந்து கோட்டுக் குறிப்பு படிக்கத் தெரியாதவர்களும், நம் சரிகமபதநி போல எழுத்துகளைப் பார்த்தே பாடலாம். சுரங்கத் தொழிலாளிகள் இரவில் தேவாலயத்தில் உட்கார்ந்து இதைக் கற்றார்கள். நல்ல மெட்டு ஒன்று பிறப்பதற்கு முன் அதைப் பாடத் தெரிந்த ஊர் பிறந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. ஹியூஸின் தந்தை சேலம் பாப்டிஸ்ட் சபையில் பாட்டை முன்னின்று நடத்தியவர். தந்தைக்குப் பின் மகனும் அதே பணியைச் செய்தார், சபையின் உதவிக்காரராகவும் (டீக்கன்) இருந்தார்.

பான்டிப்ரித் அருகே ஹாப்கின்ஸ்டவுனில் கேப்பல் ரோண்டா என்ற பாப்டிஸ்ட் ஆலயம். 1907-இல் அங்கே புதிய ஆர்கன் வைத்தார்கள். அந்த விழாவுக்காக ஹியூஸ் இந்த மெட்டைப் போட்டார். ஆர்கன் வாசித்தவரும் அவரே. அதே ஹாப்கின்ஸ்டவுனில் 1893-இல் கிரேட் வெஸ்டர்ன் சுரங்கம் தீப்பிடித்து 63 பேர் மாண்டார்கள். பதினான்கு ஆண்டுதான் கடந்திருந்தது. அன்று ஆலயத்தில் பாடிய பலருக்கு அந்தச் சாவுகள் சொந்த வீட்டுச் சாவாகவோ அடுத்த வீட்டுச் சாவாகவோ இருந்திருக்கும். வனாந்தரத்தில் வழிநடத்தும்படி கடவுளைக் கேட்கும் பாட்டை அவர்கள் எப்படிப் பாடியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

மெட்டுக்கு முதலில் ‘ரோண்டா’ என்றே பெயர். அந்தப் பெயரில் வேறொரு மெட்டு ஏற்கெனவே இருந்ததால், குழப்பம் தவிர்க்க ‘கும்’ சேர்ந்தது.

மெட்டின் உயிர் அதன் கடைசி அடிகளில் இருக்கிறது. ராகம் படிப்படியாக மேலே ஏறி, தீராத ஒரு சுரக்கூட்டில் போய் நிற்கும். மேல்குரல் அங்கேயே நீண்டு நிற்க, கீழ்க்குரல்கள் அடியிலிருந்து அதே சொற்களை எடுத்துக்கொண்டு ஏறி வரும். அதன் பிறகுதான் எல்லாக் குரலும் கூடி அடியை மறுபடி பாடி முடிக்கும். சுரங்கத்து ஆண்களின் கனத்த குரல் எழும்ப வேண்டிய இடத்தைத் தெரிந்தே வைத்திருக்கிறார் ஹியூஸ். மைதானத்தில் கூட்டம் பாதிப் பாட்டை முணுமுணுத்தாலும், இந்த இடம் வந்ததும் ஒருவரும் விடுவதில்லை.

வேல்ஸ் மொழியில் பாடுவோர் இதே மெட்டில் ஆன் கிரிஃபித்ஸின் சொற்களைப் பாடுகிறார்கள். இருபத்தொன்பது வயதில் மறைந்த அந்தக் கிராமத்துப் பெண்ணின் கவிதை, என் கருத்தில், வில்லியம்ஸின் பாட்டைவிட ஆழமானது. மெட்டு இரண்டையும் தாங்குகிறது.

ஹியூஸ் வேறு மெட்டுகளும், கீதங்களும், அணிநடை இசையும் எழுதினார். உலகத்துக்கு எட்டியது இது ஒன்றே. 1932-இல் அவர் இறந்தார். அரச குடும்பத்துத் திருமணத்தில் ஒலிக்கும் பாட்டை ஒரு குமாஸ்தா போட்டார் என்பது பாடுகிறவர்களிலேயே பலருக்குத் தெரியாது. ஆராதனை நிரல் அச்சிடும் பாடகர் குழுக்களிடம் ஒரு வேண்டுகோள்: பாட்டு எழுதியவர் பெயருக்குக் கீழே மெட்டுப் போட்டவர் பெயரையும் போடுங்கள். ஒரு வரிதான் ஆகும்.