இரண்டு எண்கள் கொண்ட ஒரு துவக்கு

சில ஆண்டுகளுக்கு முன் ஒலுவிலில் ஒரு முதிய விவசாயியின் வீட்டு முற்றத்தில் அமர்ந்திருந்தேன். பேச்சு வெள்ளாமைக் காவலின் பக்கம் திரும்பியது. அவர் எழுந்து உள்ளே சென்று, சாக்கில் சுற்றிய ஓர் இரும்புக் குழலை எடுத்து வந்தார். அதன் வாய்ப்பக்கம் வாழைப்பூ மடல்போல் விரிந்து கிழிந்திருந்தது. "இது எங்கட வாப்பாட துவக்குக் குழல் தம்பி. துவக்கு போயிற்று, இது மட்டும்தான் மிச்சம்" என்றார்.

தமிழகத்து வாசகர்கள் துப்பாக்கி என்பதையே நாம் இங்கு துவக்கு என்கிறோம். கீழைக்கரையின் வயல்வெளிகளில் அது போராயுதமாக வந்து சேரவில்லை. மண்வெட்டியைப் போல அதுவும் பயிர்த்தொழிலின் ஒரு கருவியாகவே இருந்தது. கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கிக் காடுகள் வயல்களானபின், யானையும் பன்றியும் வட்டைக்குள் இறங்குவது வழக்கமாயிற்று. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி துவக்கு வைத்திருப்போர் ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டும். அம்பாறை தனி மாவட்டமானது 1961இல்தான். அதற்கு முன் இப்பகுதியினர் அதற்காக மட்டக்களப்புக் கச்சேரிக்கே சென்றனர். பெரியவரின் தந்தையும் அவ்வாறு சென்றவரே.

பெரும்பாலோரிடம் இருந்தவை ஒற்றைக்குழல் அல்லது இரட்டைக்குழல் துவக்குகள். இவர் தந்தையிடம் இருந்ததோ, முன்கைப்பிடியைப் பின்னிழுத்து முன்தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும் வகை. அவர் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது அமெரிக்காவின் வின்செஸ்டர் நிறுவனம் செய்த 1897ஆம் ஆண்டு மாதிரி. ஜோன் பிரௌனிங் வடிவமைத்த அந்தத் துவக்கு 1957 வரை உற்பத்தியில் இருந்தது; பத்து இலட்சத்துக்கும் மேல் விற்பனையானது. நீண்ட குழலோடு அது வாத்து வேட்டைக்குச் சென்றது. முதல் உலகப் போரில் அதே துவக்குக்கு 20 அங்குலக் குறுங்குழல் பூட்டி, அமெரிக்கப் படையினர் பதுங்குகுழிச் சண்டைக்குக் கொண்டுசென்றனர். அது மனிதாபிமானமற்ற ஆயுதம் என்று 1918 செப்டெம்பரில் ஜேர்மனி முறைப்படி ஆட்சேபித்தது. அமெரிக்கா அதை ஏற்கவில்லை. உடற்பகுதி ஒன்றே; குழல் மாறியபோது அதன் வேலையும் மாறியது.

இந்தக் குழல் எவ்வாறு வெடித்தது? எழுபதுகளின் பிற்பகுதியில் ஓரிரவு, வரம்பில் இவரின் கால் சறுக்கத் துவக்கின் வாய் சேற்றில் புதைந்திருக்கிறது. கவனியாமல் பன்றிக்குச் சுட்டார். வாயை ஒரு பிடி சேறு அடைத்திருந்தாலே போதும். வெளியேற வழியின்றி அழுத்தம் இரும்பைக் கிழித்துவிடும். கடலோரத்து உப்புக்காற்றில் குழலின் உட்புறம் ஏற்கெனவே துருவேறிக் குழிவிழுந்திருந்தது. அவருடைய விரல்கள் தப்பியது இறைவன் அருள் என்றார்.

குழலை மாற்றுவது எளிதன்று. கழற்றிப் பூட்டக்கூடிய அந்த மாதிரியில் தோட்டாக் குழாயைத் திருகி முன்னிழுத்தபின், குழலைக் கால்வட்டம் திருப்பினால் அது தனியே வந்துவிடும். கழற்றுவது அவ்வளவுதான். வேறொரு குழலைப் பொருத்தும்போது, தோட்டாவின் அடிவிளிம்புக்கும் பின்னடைப்புக்கும் இடையிலான இடைவெளி சரியாக அமைய வேண்டும். கூடினால் தோட்டாவின் அடி பிளந்து சுடுபவர் முகத்துக்கே ஆபத்தாகும். 1950இல் வந்த ரெமிங்டன் 870 மாதிரியில் பின்னடைப்பு குழலோடு நேரடியாகப் பூட்டிக்கொண்டதால் அந்தச் சிக்கல் பெரிதும் நீங்கியது. பழைய துவக்குக்கோ தேர்ந்த கைவினைஞர் வேண்டும். அப்படி ஒருவர், பழுதாகிக் கிடந்த அதே வகைத் துவக்கொன்றின் குழலை இணைப்புப் பாகத்தோடு எடுத்துப் பக்குவமாகப் பொருத்திக் கொடுத்தார்.

அங்கேதான் வினை தொடங்கியது. அந்த மாதிரியில் தொடரெண் இரு இடங்களில் பொறிக்கப்பட்டிருக்கும்: ஒன்று உடற்பகுதியில், மற்றது குழலின் இணைப்புப் பாகத்தில். இப்போது இரண்டும் வெவ்வேறு. பன்றி விரட்டிய காலத்தில் அதை எவரும் பார்க்கவில்லை. எண்பதுகளின் நடுப்பகுதியில் வீதிக்கு வீதி சோதனைச் சாவடி முளைத்தபோதோ, எண் பொருந்தாத துவக்கு என்றால் எங்கிருந்து வந்தது, யாருக்காக வந்தது என்ற கேள்விகள் எழுந்தன. இரண்டு தடவை அவர் மணிக்கணக்காகத் தடுத்து வைக்கப்பட்டார். இரண்டு தடவையும் அவரை மீட்டது இந்தக் கிழிந்த குழல்தான். அதிலுள்ள எண் அனுமதிப்பத்திரத்தோடு பொருந்தியது.

1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நடந்த படுகொலைகளுக்குப் பின், துவக்கின் பொருளே மாறிப்போயிற்று. முஸ்லிம் ஊர்களில் ஊர்காவல் படையினர் கையில் வேட்டைத் துவக்குகள் வந்தன. அவை ஊரைக் காத்தன என்போர் உண்டு. அயல் தமிழ்க் கிராமங்களில் அவற்றால் கொடுமைகள் நிகழ்ந்தன என்ற குற்றச்சாட்டும் உண்டு. இரண்டையும் சேர்த்தே வரலாறு எழுதப்பட வேண்டும். பெரியவர் அந்த ஆண்டே தம் துவக்கைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டார். அது திரும்பி வரவேயில்லை.

"துவக்கைக் கொடுத்த நீங்கள் இதை ஏன் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"ஆரும் வந்து கேட்டா காட்டத்தானே தம்பி" என்றார். போர் முடிந்தது 2009இல். இன்றும் யானைகள் வயலுக்கு வருகின்றன. யானைவெடி கொளுத்தி விரட்டுகிறார்கள். ஆனால் அந்த மனிதர் தாம் குற்றமற்றவர் என்பதற்கான சாட்சியைச் சாக்கில் சுற்றி வைத்தபடியே இருக்கிறார். கேட்பார் எவருமில்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை.