வீட்டை விற்கப் போறீங்களா? புரோக்கர் கமிஷன், வரி எல்லாம் போக கைக்கு எவ்வளவு வரும்? முழு விவரம்

60 லட்சத்துக்கு வீட்டைப் பேசி முடிச்சாச்சு. அப்போ 60 லட்சமும் கைக்கு வருமா? வராது. புரோக்கர் கமிஷன், வருமான வரி, வீட்டுக் கடன் பாக்கி எல்லாம் கழிந்த பிறகு மிஞ்சுவதுதான் உங்கள் பணம். அந்தக் கணக்கை விலை பேசுவதற்கு முன்பே போட்டுவிடுவது நல்லது. தமிழ்நாட்டில் வீடு விற்பவருக்கு என்னென்ன செலவு வரும் என்று பார்க்கலாம்.

புரோக்கர் கமிஷன் எவ்வளவு?

தமிழ்நாட்டில் பழைய வீட்டை விற்க இவ்வளவுதான் கமிஷன் என்று சட்டம் எதுவும் நிர்ணயிக்கவில்லை. வழக்கத்தில் விற்பவரிடம் 1 முதல் 2 சதவீதம், வாங்குபவரிடம் தனியாக 1 முதல் 2 சதவீதம் கேட்கிறார்கள். இது பேசிக் குறைக்கக்கூடிய தொகைதான். விலை அதிகமுள்ள வீடு என்றால் தாராளமாகக் குறைத்துக் கேட்கலாம்.

ஏஜென்ட் ஜிஎஸ்டி பதிவு வைத்திருந்தால், கமிஷன் தொகை மீது 18% ஜிஎஸ்டி சேரும். பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி என்று சொல்லி வசூலிக்க முடியாது. "2 பர்சன்ட்டில் ஜிஎஸ்டி அடக்கமா, தனியா?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்க.

'உங்களுக்கு எவ்வளவு வேணும்?' என்று கேட்டால் உஷார்

சில புரோக்கர்கள் சதவீதமே பேச மாட்டார்கள். "உங்க கைக்கு 60 வந்தா போதுமா? மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்பார்கள். வாங்குபவரிடம் 65 சொல்லி, நடுவில் இருக்கும் 5 லட்சத்தை எடுத்துக்கொள்வதுதான் திட்டம். விலை ஏறிப்போய் வாங்க வருபவர் விலகலாம். அதையும் தாண்டி விற்றால், நீங்கள் பார்க்காத பணம் பத்திரத்தில் உங்கள் வருமானமாக நிற்கலாம். வாங்குபவரிடம் நேரடியாக விலை பேசுங்க.

விற்றுத் தர வசதியாக இருக்கும் என்று புரோக்கர் பெயருக்கு பவர் பத்திரம் எழுதிக் கொடுப்பதையும் தவிர்த்துவிடுங்க.

பத்திரச் செலவு யாருக்கு?

முத்திரைத்தாள் கட்டணம் 7%, பதிவுக் கட்டணம் 2% என மொத்தம் 9%. இதை வாங்குபவர் கட்டுவதுதான் வழக்கம். ஆனால் ஒரிஜினல் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது ஆகியவற்றைத் தயாராக வைப்பது உங்கள் பொறுப்பு. வரி பாக்கி இருந்தால் கட்டி முடிக்க வேண்டும்.

வீட்டுக் கடன் இருந்தால் வங்கியில் மொத்த பாக்கியைக் கட்ட வேண்டும். தனிநபர் வாங்கிய, வட்டி மாறும் வகை வீட்டுக் கடனுக்கு முன்கூட்டியே அடைக்க அபராதம் கிடையாது. கடன் முடிந்த 30 நாட்களுக்குள் வங்கி ஒரிஜினல் பத்திரத்தைத் தர வேண்டும். வங்கி தரப்பில் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வில்லங்கச் சான்றில் அடமானப் பதிவு நீங்கிவிட்டதா என்றும் பார்த்துக்கோங்க.

வரி எவ்வளவு வரும்?

வீட்டை 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால், லாபத்துக்கு 12.5% வரி. 2024 ஜூலை 23-க்கு முன்பு வாங்கிய வீடு என்றால் இன்னொரு வழியும் உண்டு. வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிட்டு, மீதி லாபத்துக்கு 20% கட்டலாம். இரண்டில் எது குறைவோ அதைக் கட்டினால் போதும்.

ஓர் உதாரணம்: 2012-13 நிதியாண்டில் பத்திரச் செலவு சேர்த்து 25 லட்சத்துக்கு வாங்கிய வீடு, 2025-26இல் 60 லட்சத்துக்கு விற்கப்படுகிறது.

• கமிஷன் 2%, ஜிஎஸ்டி சேர்த்து: ரூ.1,41,600
• 12.5% முறையில் வரி: ரூ.4,19,800
• 20% முறையில் வாங்கிய விலை 47 லட்சமாக உயரும். வரி: ரூ.2,31,680
• இரண்டாவது முறையில் 4% செஸ் சேர்த்து: சுமார் ரூ.2,40,950
• கைக்கு வருவது: சுமார் ரூ.56.17 லட்சம்

இதில் கமிஷனையும் லாபத்திலிருந்து கழித்திருக்கிறோம். அதற்கு ரசீது வேண்டும். ரசீது இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்த கமிஷனுக்கு இந்தச் சலுகையைக் கேட்பது கஷ்டம்.

விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்குபவர் 1% டிடிஎஸ் பிடிப்பார். இந்த உதாரணத்தில் 60,000 ரூபாய். இது கூடுதல் செலவு இல்லை. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் பிடித்தம் இதைவிட அதிகம். 20% வழியும் அவர்களுக்கு இல்லை.

லாபத்தைக் கொண்டு 2 ஆண்டுகளுக்குள் வேறு வீடு வாங்கினாலோ, 3 ஆண்டுகளுக்குள் கட்டினாலோ வரிவிலக்கு உண்டு.

'பத்திரத்தில் குறைச்சுக் காட்டலாம்' என்றால்?

வேண்டாம். வழிகாட்டி மதிப்பு, பத்திர விலையைவிட 10 சதவீதத்துக்கு மேல் அதிகமாக இருந்தால், அந்த மதிப்பை வைத்தே உங்களுக்கு வரி போடுவார்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் விதிக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது. அட்வான்ஸும் இதில் அடங்கும்.

வீட்டைக் காட்டும் முன் புரோக்கரிடம் கேட்க வேண்டியவை

• கமிஷன் எத்தனை சதவீதம், ஜிஎஸ்டி உண்டா?
• எப்போது கொடுக்க வேண்டும்? பத்திரப்பதிவு முடிந்த பிறகு என்று பேசிக்கொள்வது உங்களுக்குப் பாதுகாப்பு.
• பேரம் பாதியில் நின்றுபோனால் கமிஷன் உண்டா?
• ரசீது தருவாரா?

இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கோங்க. குறைந்தபட்சம் வாட்ஸ்அப்பிலாவது அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கி வச்சுக்கோங்க.