மருந்துச் சீட்டு முதல் குப்பைக்கூடை வரை: வீட்டு மருந்துகளில் கவனிக்க வேண்டியவை

நவி மும்பை: 'கோல்ட்ரிஃப்' இருமல் மருந்தின் எஸ்ஆர்-13 என்ற தொகுதியைப் பயன்படுத்த வேண்டாம் என மகாராஷ்டிர உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025 அக்டோபரில் பொதுமக்களை எச்சரித்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து உயிரிழந்ததைத் தொடர்ந்து, காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அம்மருந்தைத் தமிழக அதிகாரிகள் பரிசோதித்தனர். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப்பொருள் 48.6 சதவீதம் இருந்தது கண்டறியப்பட்டது.

அத்தொகுதியின் காலாவதி மாதம் 2027 ஏப்ரல். காலாவதியை மட்டும் பார்த்தவர்களுக்கு ஆபத்து தெரிந்திருக்காது. தங்கள் வீட்டில் இருப்பது அதே தொகுதிதானா என்பதை அறிய, லேபிளில் உள்ள தொகுதி எண்ணே வழி. எனவே, மருந்து தீரும்வரை லேபிளையும் ரசீதையும் பாதுகாப்பது அவசியம்.

வாங்கும்போது

1945-ஆம் ஆண்டின் மருந்துகள் விதிகளில் 'எச்' பட்டியலில் உள்ள மருந்துகளை, பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டு இன்றிச் சில்லறையில் விற்கக் கூடாது. சீட்டில் மருத்துவரின் கையொப்பம், தேதி, நோயாளியின் பெயர், முகவரி, மருந்தின் அளவு ஆகியவை இருக்க வேண்டும். 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள 'எச்1' பட்டியலில் வீரியமிக்க ஆன்டிபயாட்டிக்குகளும் காசநோய் மருந்துகளும் அடங்கும். இவற்றை விற்கும்போது மருத்துவர், நோயாளி ஆகியோரின் விவரங்களைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி, 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

அட்டையை வெட்டி வாங்குவோர், தொகுதி எண்ணும் காலாவதியும் உள்ள பகுதியைக் கேட்டுப் பெறலாம். இயலாவிட்டால் அவற்றை ரசீதில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். 2023 ஆகஸ்ட் முதல், அதிகம் விற்பனையாகும் 300 மருந்துகளின் உறைகளில் கியூஆர் குறியீடு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. கைப்பேசியில் அதை ஸ்கேன் செய்து தயாரிப்பாளர், தொகுதி விவரங்களை ஒப்பிடலாம்.

பயன்படுத்தும்போது

வணிகப் பெயர் வேறாக இருந்தாலும் உள்ளிருக்கும் மருந்து ஒன்றாக இருக்கலாம். காய்ச்சல் மாத்திரை, சளி மாத்திரை இரண்டிலும் பாராசிட்டமால் இருந்தால், அறியாமலேயே அளவு கூடிவிடும். பெரியவர்கள் ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டினால் கல்லீரல் பாதிக்கப்படக்கூடும். ஒருவருக்கு எழுதிய மருந்தை, அறிகுறி ஒன்றே என்பதற்காக மற்றவருக்குக் கொடுக்கக் கூடாது.

மும்பையின் மழைக்கால ஈரப்பதத்தில், குளியலறையிலோ சமையல் மேடையிலோ மாத்திரைகளை வைப்பது சரியல்ல. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது.

அகற்றும்போது

கோபர்கைரனேயில் முன்பு குப்பை கொட்டப்பட்ட நிலம் மூடப்பட்டு, இன்று நிசர்க் உத்யான் பூங்காவாக உள்ளது. நகரின் குப்பை துர்பேக்குச் செல்கிறது. கூடையில் எறியும் மாத்திரை மறைந்துவிடுவதில்லை. மழைநீரில் கரைந்து மண்ணையும் நீரையும் சேரலாம். ஆன்டிபயாட்டிக் எனில், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகவும் அது இடமளிக்கும்.

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், காலாவதியான மருந்துகளை வீட்டு அபாயக் கழிவாக வகைப்படுத்தின. ஈரக் கழிவிலும் உலர் கழிவிலும் சேர்க்காமல் அவற்றைத் தனியாக ஒப்படைக்க வேண்டும். கேரளத்தில் 2025-இல் தொடங்கப்பட்ட 'என்பிரவுட்' திட்டம், பயன்படுத்தாத மருந்துகளை மக்களிடமிருந்து திரட்டி அழிக்கிறது.

ஃபென்டனில், டிரமடால், டயாசெபாம் உள்ளிட்ட 17 மருந்துகளை மட்டும் கழிவறையில் இட்டு நீர் ஊற்றி வெளியேற்றலாம் என மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-இல் தெரிவித்தது. வீட்டில் வேறொருவர் தவறுதலாக உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்பதே காரணம். பிற மருந்துகளுக்கு இம்முறை பொருந்தாது.

ஒப்படைக்கும் முன் லேபிளைக் கிழித்து, பாட்டிலில் உள்ள நோயாளியின் பெயரை அழித்துவிட வேண்டும். உறையோடு எறிந்த மருந்து மீண்டும் விற்பனைக்கு வர வாய்ப்புண்டு.

மருந்தால் பக்கவிளைவு ஏற்பட்டால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா தேசிய எண்ணிலும், மருந்தின் தரத்தில் சந்தேகம் எழுந்தால் மகாராஷ்டிர நிர்வாகத்தின் 1800-222-365 என்ற எண்ணிலும் தெரிவிக்கலாம். அப்போதும் தொகுதி எண்ணைக் கூறுவது உதவும்.