ஆணையின்றி நிகழ்ந்த விலக்கம்

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. மூடியவர் யார், என்று மூடினர் என்பவற்றுக்கு ஆவணம் இருந்தது. ஆகவே தொழிற்சங்கங்களால் நீதிமன்றத்தை நாட முடிந்தது. ஒரு முடிவை எதிர்ப்பதற்கு முதலில் அம்முடிவு எழுத்தில் இருக்க வேண்டும். அத்தகைய எழுத்து ஏதுமின்றி ஒரு படைப்பு சந்தையிலிருந்து மறைந்தால் என்ன நேரும் என்பதற்கு 2014 நவம்பர் ஒரு சான்று.

பயோவேர் உருவாக்கி, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்ட ‘டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன்’ என்னும் வீடியோ கேம் அம்மாதம் உலகச் சந்தைக்கு வந்தது. இந்தியாவில் அது விற்பனையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. உள்நாட்டு உள்ளடக்கச் சட்டங்களை மீறாதிருக்கவே இவ்வாறு செய்ததாக நிறுவனம் கூறியது. எந்தச் சட்டம், எந்தக் காட்சி என்று அது குறிப்பிடவில்லை. தங்கவயலில் இருந்தவருக்கும் சென்னையில் இருந்தவருக்கும் கிடைத்தது அந்தச் சுருக்கமான விளக்கம் ஒன்றே.

இவ்வகை விளையாட்டுகளில் ஆடுபவர் ஒரு பாத்திரத்தை ஏற்று, துணைமாந்தர் சிலருடன் பயணம் செய்கிறார். உரையாடலில் அவர் தேர்ந்தெடுக்கும் விடைகளைப் பொறுத்து நட்போ பகையோ காதலோ வளரும். காதல் தொடங்குமிடத்தில் ஆடுபவரின் பாத்திரம் ஆணா பெண்ணா என்று நிரல் சோதிப்பது வழக்கம். அந்தச் சோதனையை நீக்கினாலே ஒருபால் காதலுக்கு வழி திறந்துவிடும்.

அந்த வழி படிப்படியாகவே திறந்தது. 1998இல் வந்த ‘ஃபால்அவுட் 2’ ஒருபால் திருமணத்தை அனுமதித்தது. 2005இல் ‘ஜேட் எம்பயர்’ துணைமாந்தர் இருவருக்கு அவ்வாய்ப்பை அளித்தது. 2011இன் ‘டிராகன் ஏஜ் 2’ அடிப்படை விளையாட்டின் காதல் துணைவர் நால்வரையும் இருபாலாருக்கும் உரியவராக்கியது. 2014இன் படைப்பு வேறொரு திசையில் சென்றது. அதில் டோரியன் ஆண்களை மட்டும் விரும்புபவன். செரா பெண்களை மட்டும் விரும்புபவள். டேவிட் கெய்டர் எழுதிய டோரியனின் கதையில், மகனின் இயல்பை மந்திரத்தால் மாற்ற முயன்ற தந்தையை அம்மகன் நேருக்கு நேர் சந்திக்கிறான். இங்கு ஒருபால் விருப்பம் ஆடுபவரின் தேர்வு மட்டுமன்று. அப்பாத்திரத்தின் வாழ்க்கையே அதனைச் சுற்றி அமைந்துள்ளது.

இந்தியச் சட்டச் சூழலும் அக்காலத்தில் மாறியிருந்தது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், பிரிவு 377இன் வீச்சை 2009 ஜூலை 2 அன்று தில்லி உயர் நீதிமன்றம் குறுக்கியது. 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, பிரிவுக்கு மீண்டும் முழு உயிர் அளித்தது. அடுத்த ஆண்டிலேயே இவ்விலக்கம் நிகழ்ந்ததால் பலரும் இரண்டையும் இணைத்துப் பேசினர். ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. பிரிவு 377 செயலைக் குற்றமாக்கியது, சித்திரிப்பை அன்று. ஆபாசத்தைக் குறித்தது பிரிவு 292. அவ்விளையாட்டில் உடலுறவுக் காட்சிகளும் இருந்தன. ஆகவே 377ஐ மட்டுமே காரணமாகக் கொள்வதற்கு ஆதாரம் போதாது.

சிக்கலின் வேர் இங்குதான் உள்ளது. திரைப்படத்திற்குத் தணிக்கை வாரியம் உண்டு. அதன் முடிவை எதிர்த்து நீதிமன்றம் செல்லலாம். வீடியோ கேமுக்கு அத்தகைய வாரியம் இல்லை. தடைவிதித்த அதிகாரி இல்லாதபோது மேல்முறையீடும் இல்லை. தெளிவற்ற சட்டத்தின் நிழலில் வணிக நிறுவனம் தானே முன்வந்து விலகும்போது, தணிக்கையின் பயன் முழுமையாகக் கிடைத்துவிடுகிறது. தணிக்கையின் பொறுப்போ எவரிடமும் சேர்வதில்லை.

2018 செப்டம்பர் 6 அன்று, வயதுவந்தோர் இசைந்து கொள்ளும் உறவைக் குற்றமாகக் கருதிய பகுதியை உச்ச நீதிமன்றம் நீக்கியது. 2023இல் வெளியான ‘பால்டர்ஸ் கேட் 3’, தன் முதன்மைத் துணைமாந்தரைப் பால் வேறுபாடின்றிக் காதலிக்க இடமளித்தது. அது இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தது. 377இன் வரலாற்றை எழுதுவோருக்குத் தீர்ப்புகள் இருக்கின்றன: வாதம், மறுவாதம், நீதிபதியின் பெயர், நாள். 2014இன் விலக்கத்திற்கு எஞ்சியிருப்பது ஒரு நிறுவனத்தின் விளக்கம் மட்டுமே. இந்தியாவில் ஒருபால் காதலின் பண்பாட்டு வரலாறு, நீதிமன்றங்களை எட்டாத இத்தகைய மறைவுகளையும் கணக்கில் கொண்டால்தான் முழுமை பெறும்.